இரும்பின் இருப்புக் கணக்கு: ஆய்வக விலங்குகளின் குருதியில் ஃபெரிட்டினை அளத்தல்

சேர்வராயன் மலையின் அடியில் விரிந்து கிடக்கும் சேலம் சமவெளியில், நகருக்கு மேற்கே கஞ்சமலை நிற்கிறது. அதன் பாறைகளில் காந்த இரும்புக் கனிமம் பட்டை பட்டையாகப் படிந்துள்ளது. ஊர்க் கொல்லர்கள் மண் உலைகளில் கரியிட்டு அந்தக் கனிமத்தை உருக்கி இரும்பெடுத்து வந்தனர். 1830களில் ஜோசியா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இக்கனிமத்தை நம்பியே கடலோரத்தில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். அவர் தேர்ந்த இடம், மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டை. அந்த ஆலை நீடிக்கவில்லை. ஆயினும் சேலத்தின் பெயரோடு இரும்பின் பெயர் இணைந்தே நிலைத்துவிட்டது.

இரும்பு மண்டிக் கிடக்கும் இந்த நாட்டில்தான் மக்களின் குருதியில் இரும்பு குன்றியிருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்று கண்டது. தமிழ்நாட்டில் அவ்விழுக்காடு 53.4. இரண்டு பெண்களில் ஒருவர் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். நிலத்தடியில் உள்ள இரும்பை நிலவியலார் அளந்து சொல்லிவிடுகின்றனர். ஓர் உயிரின் உடலுக்குள் சேமிப்பில் உள்ள இரும்பை எவ்வாறு அளப்பது? அவ்வளவீட்டின் கருவி ஃபெரிட்டின் என்னும் புரதம். அதனை ஆய்வக விலங்குகளின் குருதியில் அளக்கும் முறையும், அம்முறையில் உள்ள நுட்பங்களும், அவற்றால் நமக்கு விளையும் பயனும் இக்கட்டுரையின் பொருளாகும்.

உடலின் வரவு செலவு

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் மூன்று முதல் நான்கு கிராம் இரும்பு உள்ளது. ஒரு சிறிய ஆணியின் எடைதான் அது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக வைக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் புதிய சிவப்பணுக்களை ஆக்க 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. ஆனால் உணவிலிருந்து உடல் ஏற்பதோ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. மற்றதெல்லாம், ஆயுள் முடிந்த பழைய அணுக்களை மண்ணீரலின் பெருவிழுங்கணுக்கள் சிதைத்து மீட்டெடுத்துத் தருவதாகும். செட்டுள்ள குடும்பத்தின் கணக்கேட்டைப் போன்றது இது. வரவும் சிறிது, செலவும் சிறிது, கையிருப்பு மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது.

இரும்பை அப்படியே திறந்து வைத்தால் அது உடலுக்கு நஞ்சாகும். கட்டற்ற இரும்பு அணுக்கள் உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் மரபுப் பொருளையும் சிதைக்கும் வினைகளைத் தூண்டுகின்றன. ஆகவே அது பெட்டகத்துள் பூட்டப்பட வேண்டும். அப்பெட்டகமே ஃபெரிட்டின். 24 புரத அலகுகள் ஒன்றோடொன்று பொருந்தி உள்ளே வெற்றிடமுள்ள ஓர் உருண்டையாகின்றன. அதன் வெளி விட்டம் சுமார் 12 நானோமீட்டர். அதனுள்ளே 4500 வரையிலான இரும்பு அணுக்கள் அடங்கும். அலகுகள் இருவகைப்படும். கனத்த அலகு, கரையும் நிலையில் வரும் இரும்பை ஆக்சிசனேற்றிப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றுகிறது. இலேசான அலகு, உள்ளே இரும்பு படிமமாகப் படிய உதவுகிறது. கனத்த அலகுக்குரிய மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்கள் பிறக்கும் முன்பே மடிந்துவிடுகின்றன. இப்பெட்டகம் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இப்புரதத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் செக் நாட்டு அறிஞர் விலேம் லாஃப்பெர்கர். 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து, காட்மியம் உப்பின் துணையோடு இதனைப் படிகமாக்கி ஃபெரிட்டின் என்று பெயரிட்டார். இவ்வாறு தொடக்கத்திலேயே இந்த அறிவு ஒரு விலங்கின் உறுப்பிலிருந்து வந்ததென்பதை மனங்கொள்ள வேண்டும்.

ஹீமோகுளோபின் சொல்லாதது

இரத்தசோகையைக் கண்டறிய ஹீமோகுளோபினை அளப்பதே வழக்கம். அது எளிது, மலிவு. ஆனால் அது நடப்புச் செலவைக் காட்டுமே அன்றிச் சேமிப்பைக் காட்டாது. சேமிப்பு முற்றிலும் தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் குறையத் தொடங்குகிறது. ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் அளவு ஒழுங்காக இருக்கும்போதே அவருடைய இரும்புப் பெட்டகம் காலியாக இருக்கலாம். மறுதலையாக, ஹீமோகுளோபின் குறைந்திருப்போர் அனைவருக்கும் இரும்புதான் குறைவு என்றும் கொள்ள முடியாது. ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைவும், நாட்பட்ட தொற்றுகளும், தலசீமியா போன்ற பரம்பரைக் குறைகளும் அதே விளைவைத் தரும்.

இந்திய அரசு 2016-18இல் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, குழந்தைகளின் குருதியில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் அளந்தது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுள் 41 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருந்தது. இரும்புக் குறைவோ 32 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. வளரிளம் பருவத்தினரிடம் இவை முறையே 28, 22 விழுக்காடுகள். இரண்டு எண்களும் ஒன்றல்ல என்பது மட்டுமன்று, இரண்டு கூட்டத்தாரும் ஒருவரல்லர் என்பதையும் அந்த ஆய்வு உணர்த்தியது.

ஏற்காட்டைப் போன்ற மலையூர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏற ஏறக் காற்றில் ஆக்சிசனின் அழுத்தம் குறைகிறது. அதனை ஈடுசெய்ய உடல் கூடுதல் சிவப்பணுக்களை ஆக்குகிறது. எனவே மலைவாசியின் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். சமவெளிக்கு வகுத்த எல்லையை அவர்களுக்கும் பொருத்தினால், உண்மையில் குறையுள்ளவர் நலமுள்ளவராகக் கணக்கிடப்பட்டுவிடுவார். இதனைக் கருதியே உலக சுகாதார நிறுவனம் உயரத்திற்கேற்ப அளவைத் திருத்தும்படி கூறுகிறது. பழைய கணக்கில் 1500 மீட்டருக்கு டெசிலிட்டருக்கு அரைக் கிராம் திருத்தம் இருந்தது. 2024இல் வெளியான வழிகாட்டுதல் இத்திருத்தத்தை மேலும் உயர்த்தியுள்ளது. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நலத்தை ஹீமோகுளோபினை மட்டும் கொண்டு எடைபோடுவது எத்துணைப் பிழையாகும் என்பதை இதனால் உணரலாம். சேமிப்பைக் காட்டும் அளவீடும் உடன் இருத்தல் வேண்டும்.

இம்மலையின் மற்றொரு செல்வமான காப்பிக்கும் இக்கணக்கில் இடமுண்டு. ஏமன் நாட்டிலிருந்து சூஃபிப் பெரியார் பாபா புதான் காப்பிக் கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபு வழிச் செய்தி. சேர்வராயன் மலைக்கு அது வந்தது 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். காப்பியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு பிணைந்து அதனை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி உணவோடு அருந்திய காப்பி இரும்பு உறிஞ்சுதலை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைத்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னர் அருந்திய காப்பியால் அக்குறைவு ஏற்படவில்லை. உணவோடு அன்றி இடைவெளி விட்டுக் காப்பி அருந்துவது நன்று என்னும் அறிவுரை இத்தகைய ஆய்வுகளிலிருந்தே பிறந்தது.

குருதியில் ஒரு துளி அடையாளம்

ஃபெரிட்டின் உயிரணுக்களுக்குள்ளே இருக்கும் புரதம். ஆயினும் அதன் மிகச் சிறு பங்கு குருதியோட்டத்திலும் கலக்கிறது. நலமுள்ள ஒருவரின் ஊநீரில் அது லிட்டருக்குச் சில பத்து முதல் சில நூறு மைக்ரோகிராம் வரையே இருக்கும். இவ்வளவு சிறிய அளவைப் பழைய வேதி முறைகளால் காண இயலவில்லை. கதிரியக்கப் பொருளை அடையாளமாக ஏந்திய எதிர்ப்பொருளைக் கொண்டு 1972இல் பிரிட்டானிய அறிஞர்கள் முதன்முறையாக நலமுள்ளோரின் ஊநீரிலும் அதனை நம்பத்தக்க வகையில் அளந்தனர். ஊநீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஃபெரிட்டின் என்பது உடற்சேமிப்பில் ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் இரும்பைக் குறிக்கும் என்று அடுத்த ஆண்டில் கணக்கிடப்பட்டது. அதற்குமுன் சேமிப்பை அறிய எலும்பைத் துளைத்து மஜ்ஜையை எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு துளிக் குருதி அந்த வேதனையை நீக்கிற்று.

இன்று ஆய்வகங்களில் பெரிதும் வழங்குவது எலிசா என்னும் முறையாகும். கதிரியக்கத்திற்கு மாற்றாக நொதியை அடையாளமாகக் கொள்ளும் இம்முறை 1971இல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் தனித்தனியே உருவாயிற்று. 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஃபெரிட்டினைப் பற்றும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். குழியில் ஊநீரை இட்டால் அதிலுள்ள ஃபெரிட்டின் மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவப்படும். பின்னர் நொதி பிணைக்கப்பட்ட இரண்டாவது எதிர்ப்பொருள் இடப்படும். அது ஃபெரிட்டினின் மறுபுறத்தைப் பற்றும். மீண்டும் கழுவிவிட்டு நிறம் தரும் வேதிப்பொருளை இட்டால் நீல நிறம் தோன்றும். அமிலம் சேர்த்தவுடன் அது மஞ்சளாகி வினை நின்றுவிடும். ஃபெரிட்டின் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நிறம் அடர்த்தியாகும். அடர்த்தியைக் கருவி எண்ணாகத் தரும். அளவு முன்னரே தெரிந்த ஃபெரிட்டின் கரைசல்களை அதே தட்டில் வரிசையாக இட்டு, அவற்றின் நிறத்தைக் கொண்டு ஒரு வளைகோடு வரைந்து, அதனோடு ஒப்பிட்டே விடை காணப்படும். ஆகவே அந்த அளவுக்கரைசல் பிழையானால் தட்டில் உள்ள எல்லா எண்களும் பிழையாகும்.

விலங்கில் அளப்பது ஏன்?

மனிதரின் குருதியை நேரே அளக்கலாம் எனும்போது எலியையும் சுண்டெலியையும் நாடுவது எதற்கு என்ற வினா எழுவது இயல்பு. மனிதரிடம் நாம் பெறுவது குருதி மட்டுமே. அந்த எண் கல்லீரலில் உள்ள இரும்பை உண்மையாகவே காட்டுகிறதா என்று திறந்து பார்க்க முடியாது. விலங்கில் ஊநீரின் ஃபெரிட்டினையும் கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் இரும்பையும் ஒருங்கே அளந்து ஒப்பிடலாம். உணவைக் கட்டுப்படுத்தலாம். ஒரு மரபணுவை மட்டும் நீக்கி விளைவைக் காணலாம். ஊநீரில் உள்ள ஃபெரிட்டின் சிதைந்த அணுக்களிலிருந்து கசிந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பெருவிழுங்கணுக்களே அதனைப் பெரிதும் சுரக்கின்றன என்பதைச் சுண்டெலி ஆய்வு ஒன்று 2010இல் காட்டியது.

இத்துறையின் பெரும் திருப்பமும் சுண்டெலியிலேயே நிகழ்ந்தது. பாரிசில் சோஃபி வோலோந் குழுவினர் சர்க்கரைக்குக் கல்லீரல் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்று அறிய ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை வளர்த்தனர். எதிர்பாராத வகையில் அவ்விலங்குகளின் கல்லீரலிலும் கணையத்திலும் இரும்பு குவிந்தது. மண்ணீரலில் மட்டும் குவியவில்லை. தேடியபோது, அருகில் இருந்த ஹெப்சிடின் மரபணுவும் அவற்றில் செயலிழந்திருந்தது புலனாயிற்று. 2001இல் வெளியான இந்த முடிவு, உடலின் இரும்பு வரவை ஆளும் இயக்குநீர் ஹெப்சிடினே என்பதற்கு வழி திறந்தது. குடலிலிருந்தும் பெருவிழுங்கணுவிலிருந்தும் இரும்பு வெளியேறும் வாயில் ஃபெரோபோர்ட்டின் என்னும் புரதம். ஹெப்சிடின் அவ்வாயிலை அடைக்கிறது என்று 2004இல் தெளிவாயிற்று. வாயில் அடைபடும்போது இரும்பு உள்ளேயே தங்கி ஃபெரிட்டினாகச் சேர்கிறது.

நம் மண்ணிலும் இந்த ஆராய்ச்சி தொடர்கிறது. சேலத்திற்கு வடக்கே உள்ள வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரி இதில் நெடிய மரபுடையது. கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை எவ்வளவு பயன்தரும் என்று அறிய உலக சுகாதார நிறுவனம் ஆதரித்து 1975இல் வெளியான கூட்டாய்வில் வேலூரும் ஒரு மையமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அக்கல்லூரியின் உயிர்வேதியியல் துறையினர் சுண்டெலிகளுக்கு மிகு கொழுப்புணவு தந்து, நீரிழிவின் முன்னோடியான இன்சுலின் எதிர்ப்புக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் ஃபெரிட்டின் உயர்ந்திருப்பது பலமுறை காணப்பட்டுள்ளது. உயர்ந்த இரும்பு நோயை விளைத்ததா, நோய் இரும்பை உயர்த்தியதா என்பதே கேள்வி. அச்சுண்டெலிகளில் இன்சுலின் எதிர்ப்பு முதலில் தோன்றியது. இரும்புச் சமநிலையின் பெரிய மாற்றங்கள் பின்னரே வந்தன. நீரிழிவு வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட நம் சமூகத்தில், எது முன், எது பின் என்னும் இந்த வரிசை சிந்தனைக்குரியது.

சிறு உடல், பெரு நுணுக்கம்

சுண்டெலியின் குருதியில் ஃபெரிட்டினை அளப்பதில் மனிதக் குருதியில் இல்லாத இடர்கள் சில உள்ளன.

முதலாவது, எதிர்ப்பொருளின் இனப்பொருத்தம். மனித ஃபெரிட்டினுக்கென ஆக்கப்பட்ட எதிர்ப்பொருள் சுண்டெலியின் ஃபெரிட்டினைச் சரிவரப் பற்றுவதில்லை. பூட்டு ஒன்று, சாவி வேறொன்று என்றாகிவிடும். எனவே மருத்துவமனைக் கருவியில் எலியின் ஊநீரை இட்டுப் பெறும் எண்ணுக்குப் பொருளில்லை. எலிக்கு எலியின் ஃபெரிட்டினையும், சுண்டெலிக்குச் சுண்டெலியின் ஃபெரிட்டினையும் பற்றும் தனித்தனிப் பெட்டிகளே வேண்டும். ஒரு பெட்டியின் அளவுக்கரைசல் மற்றொன்றினின்று மாறுபடுவதால் இருவேறு ஆய்வகங்களின் எண்களை நேரே ஒப்பிடுவதும் தகாது.

இரண்டாவது, குருதியின் சிறுமை. சுண்டெலிக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 72 மில்லிலிட்டர் குருதி உண்டு என்பது கணக்கு. 25 கிராம் எடையுள்ள விலங்கில் மொத்தக் குருதியே 1.8 மில்லிலிட்டர். உயிரோடு விட வேண்டுமானால் ஒருமுறை அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தலாகாது. அது 0.18 மில்லிலிட்டர், அதாவது மூன்று நான்கு துளிகள். அதிலும் ஏறத்தாழப் பாதியே ஊநீர். மேலும் ஒரு மில்லிலிட்டர் குருதியில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், அடிக்கடி குருதி எடுத்தால் விலங்கின் இரும்புச் சேமிப்பே கரைந்துவிடும். அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடும் நிலை அது. குருதி எடுக்காத ஒப்பீட்டுக் கூட்டம் இல்லையேல் ஆய்வாளர் தாம் விளைத்த குறையையே கண்டுபிடிப்பென்று எழுத நேரும்.

மூன்றாவது, குருதியணு சிதைதல். மெல்லிய நாளங்களிலிருந்து நுண்ணிய ஊசியால் வேகமாக இழுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து ஊநீர் செந்நிறமாகிறது. சிவப்பணுக்களுக்குள்ளும் ஃபெரிட்டின் உண்டு. அது ஊநீரில் கலந்து அளவைப் பொய்யாக உயர்த்தும். இளஞ்சிவப்பான மாதிரியை ஒதுக்கிவிடுவதே நேர்மை. ஒதுக்கியதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

நான்காவது, நீர்த்தல். ஊநீரின் ஃபெரிட்டின் அளவுக்கோட்டின் எல்லையைத் தாண்டியிருந்தால் அதனைக் கரைசலில் நீர்த்தே இட வேண்டும். இருமடங்கு நீர்த்தால் எண் பாதியாக வேண்டும். அப்படி ஆகவில்லையெனில் வேறேதோ பொருள் இடையூறு செய்கிறது என்று அறியலாம். இடையே கழுவாமல் எல்லாவற்றையும் ஒருசேர இடும் முறைகளில் இன்னொரு பொறியும் உண்டு. ஃபெரிட்டின் மிக அதிகமானால் இரு எதிர்ப்பொருள்களும் தனித்தனியே நிரம்பிவிட, இணைப்பு நிகழாமல் விடை தாழ்ந்து காட்டும். இரும்பு மிகுதியால் அவதியுறும் விலங்கு இரும்புக் குறைவுடையதாகத் தோன்றிவிடும்.

ஐந்தாவது, விலங்கின் சூழல். சுண்டெலிக்கு ஒரு கிலோ உணவில் 35 மில்லிகிராம் இரும்பு போதுமென்பது கணிப்பு. ஆனால் விற்பனையில் உள்ள வழக்கமான தீவனங்களில் அது பன்மடங்கு இருப்பதுண்டு. இரும்பற்ற உணவைத் தந்தாலும் இவ்விலங்குகள் தம் கழிவையே மீண்டும் தின்னும் இயல்பின. இனத்துக்கு இனம் சேமிப்பு மாறுபடுகிறது. பெரிதும் பயன்படும் கறுப்புச் சுண்டெலி இனம், பிற இனங்களை நோக்கக் கல்லீரலில் குறைந்த இரும்பையே வைத்துள்ளது. மனிதரில் ஆண்களுக்கே சேமிப்பு மிகுதி. சுண்டெலியின் பல இனங்களிலோ பெண் விலங்குகளுக்கே அது மிகுதி. இனம், பால், வயது, உணவு, குருதி எடுத்த வேளை ஆகியவற்றைக் கூறாத ஃபெரிட்டின் எண், ஊரும் நாளும் இல்லாத கடிதம் போன்றது.

இவ்வனைத்துக்கும் மேலாக, ஃபெரிட்டின் இரும்பின் சாட்சி மட்டுமன்று, அழற்சியின் சாட்சியுமாகும். தொற்றோ காயமோ ஏற்பட்டால் கல்லீரல் ஹெப்சிடினை மிகுவிக்கிறது. கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காதபடி உடல் அதனைப் பூட்டிவைக்கிறது. ஃபெரிட்டினும் உயர்கிறது. கூண்டில் சண்டையிட்டுக் காயமுற்ற சுண்டெலியின் ஃபெரிட்டின் உயர்வை இரும்பு மிகுதியென்று கொண்டால் ஆய்வு முழுதும் சாயும். மனிதருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதனால்தான் 2020இல் உலக சுகாதார நிறுவனம் நலமுள்ள வயதுவந்தோருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இரும்புக் குறைவென்றும், தொற்றோ அழற்சியோ உள்ளோருக்கு 70க்குக் கீழ் என்றும் இரு எல்லைகளை வகுத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவை முறையே 12, 30 ஆகும். ஒரே எண் ஒருவருக்கு நிறைவையும் மற்றவருக்குக் குறைவையும் குறிக்கலாம். ஆகவே தேர்ந்த ஆய்வாளர் ஊநீரின் ஃபெரிட்டினோடு நில்லாமல், ஆய்வின் இறுதியில் கல்லீரலின் இரும்பை வேதி முறையால் அளந்தும், திசுக்களுக்கு நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டும் உறுதி செய்துகொள்வர்.

அமானிதமாகும் உயிர்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்காய்வை முற்றிலும் தடுக்கவில்லை. கட்டுப்படுத்துகிறது. அதன்கீழ் அமைந்த மையக் குழு 1998இல் விதிகளை வகுத்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிக்குழு ஒன்று திட்டத்தை ஆராய்ந்து ஒப்புதல் தந்த பின்னரே ஆய்வு தொடங்கலாம். விலங்கின்றி இயலுமானால் மாற்று வழியைத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்று ரசலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மூன்று நெறிகளே உலகெங்கும் இதற்கு அடிப்படையாகும்.

ஆய்வகத்தின் அன்றாட ஒழுக்கம் இந்நெறிகளோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளது. செந்நிறமாகக் கெட்ட மாதிரி, பொருந்தாத எதிர்ப்பொருள், குறிப்பில் எழுதாமல் விட்ட தீவனம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு விலங்கின் உயிரைப் பயனின்றிப் போக்கியதற்கு ஒப்பாகும். தேவையின்றி உயிரை வதைப்பதை நம் மார்க்கம் கண்டித்திருக்கிறது. பயனுக்காக ஓர் உயிரை எடுக்க நேர்ந்தால், அப்பயன் உண்மையிலேயே கிட்டும்படி செயலாற்றுவது அமானிதத்தைக் காப்பதாகும். அளவையில் கவனமின்மை இங்கு வெறும் தொழிற்குறை அன்று, அறக்குறை.

அளவையும் நீதியும்

இந்நுணுக்கங்கள் ஆய்வகச் சுவர்களுக்குள் அடங்குவனவல்ல. 2021ஆம் ஆண்டு விடுதலை நாளில், அரசுத் திட்டங்களின் வழி இரும்பு செறிவூட்டிய அரிசி நாடெங்கும் வழங்கப்படும் என்று மைய அரசு அறிவித்தது. இரும்பு குறைந்த கோடிக்கணக்கானோருக்கு இது துணையாகும் என்பர் ஒரு சாரார். ஏற்கெனவே உடலில் இரும்பு மிகும் தலசீமியா நோயாளருக்கு இது தகுமா என்று வினவுவர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கும் சாட்சி ஆரவாரமன்று, அளவீடே. யாரிடம் சேமிப்புக் குறைவு, யாரிடம் மிகுதி, யாருடைய எண் அழற்சியால் உயர்ந்தது என்று பிரித்தறியும் முறைதான் கொடுப்பதையும் நிறுத்துவதையும் நீதியாக்கும். அம்முறை நம்பத்தக்கதாவது, பெட்டகத்தைத் திறந்து பார்த்து எண்ணைச் சரிபார்க்க இடந்தந்த சிறு விலங்குகளால்.

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்தின் பெயர் அல்ஹதீத், அதாவது இரும்பு. இரும்பைப் பற்றிக் கூறும் அதே வசனத்தில் தராசைப் பற்றியும், மக்கள் நீதியில் நிலைபெறுவதைப் பற்றியும் பேசப்படுவது சிந்திப்போரின் கவனத்திற்குரியது. கஞ்சமலையின் பாறையில் உள்ள இரும்புக்கும், ஏற்காட்டு மலைச்சிற்றூரில் ஒரு தாயின் குருதியில் உள்ள இரும்புக்கும் பொருளால் வேறுபாடில்லை. முன்னதை எடைபோட நாம் காட்டிய அக்கறையைப் பின்னதற்கும் காட்ட வேண்டும். அவளுக்கு மாத்திரை தருமுன் அவளுடைய கையிருப்பை அறிவதும், அறிந்த எண்ணை அவள் வாழும் உயரத்தையும் உற்ற நோயையும் கருதிப் படிப்பதும் மருத்துவக் கடமை. அந்த எண்ணுக்கு அடியில் எங்கோ ஓர் ஆய்வகத்தில் மூன்று துளிக் குருதியைக் கவனத்தோடு கையாண்ட ஒருவரின் நேர்மை இருக்கிறது என்பதை நினைவிற் கொள்வது நம் கடமை.